படிக்கிற பிள்ளையும் கழுவாத தட்டும்



வீடு சந்திக்க வரும்போதெல்லாம் நான் தவறாமல் கேட்கிற ஒரு வார்த்தை உண்டு. இராச் சாப்பாடு முடிந்து, பிள்ளை தன் தட்டை எடுக்கக் கை நீட்டும். உடனே தாயார் சொல்வார்: "வை கண்ணு, அம்மா பார்த்துக்கொள்கிறேன். நீ போய்ப் படி." பிள்ளை போய்விடும். பகலெல்லாம் ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ உழைத்துக் களைத்த அந்தத் தாய், நாலு தட்டுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போவார்.

அன்பினால் சொல்லப்படுகிற வார்த்தைதான் அது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பான வார்த்தை பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறது என்று நாம் என்றாவது யோசித்தோமா? அமெரிக்காவில் வந்து குடியேறிய நம் இந்தியக் குடும்பங்களில், படிப்பில் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம்? வீட்டு வேலையில் எவ்வளவு எதிர்பார்க்கிறோம்? இந்த வாரப் பாடம் இதைப் பற்றியதே.

1. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

நம்மவர் இந்தத் தேசத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர் வருஷத்துக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம் என்றிருந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் பழைய முறையை ஒழித்தது. குடும்ப உறவினருக்கும், தொழிலில் தேர்ச்சி பெற்றவருக்கும் கதவு திறந்தது. வைத்தியர்களும் இன்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் வந்தார்கள். பிறகு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய ஹெச்-1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள் வந்தார்கள். ஆகவே நம்மில் அநேகரை விமானம் ஏற்றிவிட்டது நிலமுமன்று, பரம்பரைச் சொத்துமன்று. படித்து வாங்கிய பட்டம். எந்த ஏணியில் நாம் ஏறினோமோ, அதே ஏணியைத்தான் பிள்ளைக்கும் சாத்தி வைக்கிறோம்.

அந்தப் பிரயாசை பலன் தராமலும் போகவில்லை. இத்தேசம் முழுவதற்குமாக நடக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியில், 1985-ஆம் ஆண்டு பாலு நடராஜன் என்ற சிறுவர் முதல் பரிசு பெற்றார். இந்திய வம்சத்தில் பிறந்தவர் அப்பரிசை வென்றது அதுவே முதல் தடவை. 2019-ஆம் ஆண்டு எட்டுப் பேர் சேர்ந்து வென்றபோது, அவர்களில் ஏழு பேர் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள். உழைப்பின் பலனைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் குற்றமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சில குடும்பங்கள் வெளியே சொல்லாமலே சுமக்கின்றன. ஹெச்-1பி விசாவில் வந்தவருடைய பிள்ளை, பெற்றோரைச் சார்ந்த விசாவில் 21 வயது வரைக்கும்தான் இருக்க முடியும். அதற்குள் கிரீன் கார்டு வந்து சேராவிட்டால் பிள்ளை தனக்கென்று வேறு வழி தேட வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கோ அந்த வரிசை வருஷக்கணக்காக நீளுகிறது. இந்த நிலையில் இருக்கிற தாய் தகப்பன், "மார்க், மார்க்" என்று தவிப்பதை நான் பரிகசிக்க மாட்டேன். அவர்கள் மடியில் நெருப்பு இருக்கிறது.

2. பழக்கம் வந்தது, கைகள் வரவில்லை

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் "நீ போய்ப் படி" என்று சொன்னபோது, தட்டைக் கழுவ வேறு கைகள் இருந்தன. பாட்டி இருந்தார்கள், அத்தை இருந்தார்கள், வசதியுள்ள வீட்டில் வேலைக்கார அம்மாள் இருந்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? பாட்டி விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் இருந்து, குளிர் தாங்காமல் திரும்பிப் போகிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். வாஸ்தவம், நம் வீடுகளில் பாதிக்கு மேல் அது கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் அலமாரியாகத்தானே இருக்கிறது!

பழக்கம் கடல் தாண்டி வந்துவிட்டது. அதைத் தாங்கிய கைகள் வரவில்லை. எனவே சமையல், துணி, கூட்டுதல், கடைக்குப் போதல், பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருதல் எல்லாம் பெரும்பாலும் ஒருத்தியின் தலைமேல் விழுகிறது. அவளும் வெளியே சம்பளத்துக்கு உழைக்கிறவள். "படிக்கிற பிள்ளை, விடு" என்று நாம் சொல்லும்போது, விட்ட வேலை மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் முதுகுக்கு மாறுகிறது.

3. வேறொரு இந்திய வீடு

இதே தேசத்தில் வேறு விதமான இந்திய வீடும் உண்டு. குஜராத்திலிருந்து வந்த பட்டேல் குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களை வாங்கி நடத்தின கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வாடிக்கைக்காரர் வந்து நிற்கும் மேஜைக்குப் பின்னால் உள்ள அறையே பலருக்கு வீடு. தாய் தகப்பன் அறைகளைத் துடைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் படுக்கை விரிப்பு மடிப்பார்கள், டெலிபோனுக்குப் பதில் சொல்வார்கள், ஆள் வராத நேரத்தில் அதே மேஜைமேல் வீட்டுப்பாடக் கணக்குப் போடுவார்கள். இன்று இந்தியர்கள் பெருவாரியாக உள்ள ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், இந்நாட்டு ஹோட்டல்களில் நூற்றுக்கு 60 தன் அங்கத்தினர் கையில் இருப்பதாகச் சொல்கிறது.

அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை சுலபமானது என்று நான் சொல்லவில்லை. விளையாடும் வயதில் விளையாடவும் வேண்டும். படிக்கும் நேரத்தைத் தின்றுவிடும் வேலை பிள்ளைக்குப் பாரம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒன்று தெரிந்திருந்தது. வீட்டுக்குள் காசு எப்படி வருகிறது, அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள், அப்பா ஏன் இன்று பேசாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். "நான் கை கொடுக்காவிட்டால் இந்த வீட்டில் ஒரு காரியம் நின்றுபோகும்" என்பதும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு மேஜை விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைக்கு இவற்றில் எது தெரியும்?

4. வேலை படிப்புக்குச் சத்துருவா?

அநேகர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விஷயம் வேறாக இருக்கிறது.

மரியா மாண்டிசோரி அம்மையார் பெயர் உங்களுக்குத் தெரியும். 1907-ஆம் ஆண்டு ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தம் முதல் பள்ளியைத் தொடங்கியவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவருடைய முறையில் தண்ணீர் ஊற்றுவதும், மேஜை துடைப்பதும், தரை பெருக்குவதும் பாடத்தின் ஒரு பங்கு. கை ஒழுங்காக ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கப் பழகினால் மனமும் ஒரு காரியத்தில் நிலைத்து நிற்கப் பழகும் என்பது அவர் கண்டது. நம்மில் சிலர் மாதந்தோறும் பெரிய தொகை கட்டி, அந்தப் பள்ளியில் குழந்தை மேஜை துடைப்பதைப் பார்த்துப் பூரிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அதே குழந்தையின் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொள்கிறோம்!

இன்னொன்று கேளுங்கள். பாஸ்டன் நகரத்தின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த 456 சிறுவர்களை ஆராய்ச்சியாளர்கள் 47 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அதன் விவரம் 1981-ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறு வயதில் உழைக்கப் பழகினவர்களே, நடு வயதில் மனநலத்தோடும் நல்ல உறவுகளோடும் வாழக் கண்டார்கள். புத்திக் கூர்மையைவிட, குடும்ப அந்தஸ்தைவிட, இந்த உழைக்கும் பழக்கமே பிற்கால நிலைமையை நன்றாக முன்கூட்டிக் காட்டியது. "உழைப்பு" என்று அவர்கள் எதைக் கணக்கிட்டார்கள்? வீட்டு வேலையையும் கணக்கிட்டார்கள். தன் திறமைக்குத் தக்கபடி பள்ளியில் முயன்று படிப்பதையும் கணக்கிட்டார்கள். இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் வைத்தார்கள். நாம்தான் அவற்றை எதிரெதிர்த் தட்டில் வைக்கிறோம்.

"நேரம் எங்கே, சுவாமி?" என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். இந்நாட்டு ஆசிரியர் சங்கமும் பெற்றோர்-ஆசிரியர் சங்கமும் ஆதரிக்கிற அளவு, ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து நிமிஷ வீட்டுப்பாடம். அதாவது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 60 நிமிஷம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டுமென்று தூக்க வைத்திய நிபுணர்கள் 2016-ல் அறிவித்தார்கள். பள்ளிக்கூடம், பாடம், தூக்கம் எல்லாம் போக இருபது நிமிஷம் மிஞ்சவில்லையென்றால், குற்றம் தட்டுமேல் இல்லை. டியூஷன்மேல் டியூஷனாகவும் வகுப்புமேல் வகுப்பாகவும் நாமே அடுக்கிய அடுக்கின்மேல்தான்.

5. மார்க் தெரிந்தது, மகனைத் தெரியவில்லை

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

தகப்பனார் இன்ஜினீயர், தாயார் நர்ஸ். மகனுக்குப் பதினைந்து வயது, மகளுக்குப் பன்னிரண்டு. மகன் கெட்டிக்காரன், வீட்டில் ஒரு துரும்பை எடுத்து வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கும் ஒவ்வொரு மார்க்கும் தகப்பனாருடைய கைப்பேசிக்கு உடனே வந்துவிடும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே ஒரு எண் தெரிந்தால், அன்று மாலை வீட்டில் பேச்சு இராது. அடியில்லை, திட்டில்லை, மௌனம்தான்.

ஒரு ஜனவரி மாதக் காலையில் தாயார் வாசல் பனியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வேறு வழியில்லை, இராத்திரியில் தகப்பனார் பாத்திரம் கழுவ, மகன் துடைத்து அடுக்கினான். முதல் சில நாள் இருவருக்கும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். இரண்டாம் வாரம் ஒரு நாள், மகன் கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா, பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குத் தூக்கமே வருகிறதில்லை. விடியும் வரை முழித்தே கிடப்பேன். மார்க் குறைந்தால் நீங்கள் பேசமாட்டீர்களே."

தகப்பனார் ஒரு பாத்திரத்தையே வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "எனக்கும் உன் வயதில் அப்படித்தான் இருந்தது, ராஜா. நான் என் அப்பாவிடம் சொல்லவேயில்லை" என்றார். அன்று இருவரும் பாத்திரம் எல்லாம் முடிந்த பிறகும் அங்கேயே நின்றார்கள்.

அன்பான தகப்பன்மார்களே, இதை யோசித்துப் பாருங்கள். மகனைப் பற்றிய எண்கள் எல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்தன. மகன் எத்தனை இரவு விழித்துக் கிடந்தான் என்பது தெரியவில்லை. "வா, உட்கார், உன் கஷ்டத்தைச் சொல்" என்று எதிரே உட்கார வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. பக்கத்தில் நின்று, கைக்கு ஒரு வேலையும் இருந்து, கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாதபோது சொல்லும். "நீ போய்ப் படி" என்று அனுப்பிவிடும்போது நாம் இழப்பது ஒரு தட்டு கழுவும் கையை மட்டுமன்று; இந்த இருபது நிமிஷத்தையும் இழக்கிறோம்.

அந்தத் தாயாரின் கட்டு அவிழ்ந்தது. தகப்பனும் மகனும் அந்த வேலையை விடவில்லை. மகனுடைய மார்க் ஏறியதா என்று நான் கேட்கவுமில்லை.

6. மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா?

அந்த வீட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதுவரை தாயாருக்கு உதவி வந்தது யார்? பன்னிரண்டு வயது மகள். அவளும் படிக்கிற பிள்ளைதான். "நீ போய்ப் படி" என்பது மட்டும் அவளுக்குச் சொல்லப்படவில்லை.

இந்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷமும் அதற்குச் செலவிட்டார்கள் என்று கண்டார்கள். அதிலும் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் வேலை செய்ய, ஆண்களில் 26 பேர்தான் அதைத் தொட்டார்கள். இந்தப் பழக்கத்தையும் நாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். நாளைக்கு உங்கள் மகன் ஒரு வீட்டின் தலைவனாவான். இன்று தட்டை விட்டு எழுந்து போகிறவன், அன்றும் எழுந்து போவான். அவன் மனைவி நிற்பாள்.

7. செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, சின்ன வயதிலேயே தொடங்குங்கள். ஐந்து வயதுக் குழந்தை கரண்டிகளைத் துடைத்து வைக்கலாம், காலுறைகளை ஜோடி சேர்க்கலாம். எட்டு வயதில் தன் டிபன் டப்பாவைக் கழுவலாம். பத்து வயதில் துணி மடிக்கலாம், குப்பைத் தொட்டியைக் குறித்த நாளில் தெருவோரம் தள்ளி வைக்கலாம். பதிமூன்றில் குக்கர் வைக்கலாம், வாசல் பனியை வாரலாம். பதினாறு வயதில், அம்மா டூட்டிக்குப் போன நாளில் சாதமும் ஒரு ரசமும் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், மகனாயிருந்தாலும் சரி.

இரண்டாவது, "அம்மாவுக்கு உதவி செய்" என்று சொல்லாதீர்கள். உதவி என்றால் வேலை அம்மாவுடையது என்றாகிறது. "இது உன் வேலை" என்று ஒன்றைக் கொடுத்து, அதற்கு அவனையே பொறுப்பாக்குங்கள்.

மூன்றாவது, சரியாகச் செய்யவில்லையென்று பிடுங்காதீர்கள். தோசை கோணலாகத்தான் வரும். கோணல் தோசையைச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள்.

நான்காவது, தன் பங்கு வேலைக்குக் கூலி கொடுக்காதீர்கள். வேலையைத் தண்டனையாகவும் கொடுக்காதீர்கள். கூலி கொடுத்தால் கணக்குப் பார்ப்பான். தண்டனையாகக் கொடுத்தால் வெறுப்பான்.

ஐந்தாவது, பரீட்சை வாரத்தில் பாரத்தைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். அந்த வாரத்தில்தான் சிங்க் அருகே நிற்கும் நேரம் அவனுக்கு அதிகம் தேவை.

ஆறாவது, "நீ புத்திசாலி" என்பதைவிட, "நன்றாக முயன்றாய்" என்று சொல்லுங்கள். 1998-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் பிறகு கடினமான கணக்குக்கு அஞ்சினார்கள்; தங்கள் மார்க்கைக் கூட்டிச் சொல்லவும் துணிந்தார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் அவ்வளவு அஞ்சவில்லை.

8. பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

நீங்கள் படிப்பதற்காகத்தான் உங்கள் தாய் தகப்பன் ஊரையும் உறவையும் விட்டு வந்தார்கள். ஆகையால் நன்றாகப் படியுங்கள். ஆனால் படிப்பைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு அம்மாவை நிற்க வைக்காதீர்கள். நசரேத்தூரில் அர்ச். சூசையப்பருடைய பட்டறையில் மரச்சீவலைப் பெருக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? மனதில் பயம் இருந்தால், மார்க்கைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ, அதை இரவில் தனியே சுமக்காதீர்கள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் நில்லுங்கள். பேச்சு தானாக வரும்.

நாலாம் கற்பனை பிள்ளைகளுக்கு மாத்திரம் கடமை விதிக்கவில்லை என்பதைப் பெற்றோரும் மறக்க வேண்டாம். பிள்ளையை மார்க்கினால் அளக்காமல் நேசிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியப்படுத்துவது நம் கடமை. வாயால் சொன்னால் மட்டும் அவன் நம்பமாட்டான். குறைந்த மார்க் வாங்கிய அன்றைக்கும், வழக்கம்போல் அவன் கையில் துடைக்கிற துணியைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் நம்புவான்.

வீட்டில் எல்லோரும் கூடி யோசிக்க:

1. நம் வீட்டில் ஒரு நாளில் நடக்கும் வேலைகள் எவை? ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்கிறவர் பெயரைப் போடுங்கள். யார் பெயர் அதிகம் வருகிறது?

2. மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு வேலையும் ஒரே அளவு படிப்பு நேரமும் உண்டா?

3. மார்க் குறைந்த நாளில் நம் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் முதலில் பதில் சொல்லட்டும். பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

இந்த வாரத் தீர்மானம்: இன்று இராச் சாப்பாடு முடிந்ததும், யாரும் "நீ போய்ப் படி" என்று சொல்ல வேண்டாம். அவரவர் தட்டை அவரவர் எடுக்கட்டும். பாடம் இருபது நிமிஷம் காத்திருக்கும்.

உங்கள் பங்குக் குரு